குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானம் போதுமா?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு. மார்த்தாண்டத்துக்கு அருகே ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில், கைக்குழந்தையாக இருந்தபோது உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. இப்போது நண்பர்களோடு ஒரு பெந்தெகொஸ்தே ஜெபவீட்டுக்குப் போய்வருகிறீர்கள். விசுவாசிக்கிற வயது வருமுன் பெற்றது ஞானஸ்நானமே அல்ல, முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால்தான் கீழ்ப்படிதல் நிறைவேறும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டு உங்கள் அம்மா மனம் உடைந்திருக்கிறார்கள். மறுபடியும் எடுக்க வேண்டுமா என்பது முதல் கேள்வி; ஞானஸ்நானத்தின் பொருள்தான் என்ன என்பது இரண்டாவது. இரண்டாவதற்கு விடை தெரியாமல் முதலாவதைத் தீர்க்க முடியாது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நானும் சிஎஸ்ஐ சபையைச் சேர்ந்தவன். குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் வளர்ந்தபின் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடும் சடங்கு திடப்படுத்தல்; பல ஆண்டுகளாக அதற்கான வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வருகிறேன். என் சார்பு எந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொண்டே நீங்கள் இதை வாசிப்பது முறை.

பலர் ஞானஸ்நானத்தைப் பாவத்தைக் கழுவும் ஒரு குளியலாக மட்டுமே புரிந்துவைத்திருக்கிறார்கள். கழுவுதல் என்ற பொருள் வேதாகமத்தில் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அது முழுப் பொருள் அன்று. யோவான் ஸ்நானகன் யோர்தானில் கொடுத்தது மனந்திரும்புதலுக்கான ஞானஸ்நானம். அதற்கு வந்து நின்ற பாவிகளின் வரிசையில், பாவமில்லாத இயேசுவும் வந்து நின்றார். யோவான் தடுத்தும் அவர் விலகவில்லை. தண்ணீரிலிருந்து கரையேறியபோது, "இவர் என்னுடைய நேச குமாரன்" என்ற குரல் வானத்திலிருந்து கேட்டது. அதுவரை அவர் ஒரு பிரசங்கமும் செய்திருக்கவில்லை; ஒரு நோயாளியையும் குணமாக்கியிருக்கவில்லை. செய்து முடித்த ஊழியத்துக்குப் பரிசாக அந்தச் சொல் வரவில்லை. ஊழியத்துக்கு முன்பே வந்தது. ஞானஸ்நானத்தைப் பற்றி நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

அதே இயேசு பின்னர்த் தம்முடைய மரணத்தையே ஒரு ஞானஸ்நானம் என்று குறிப்பிடுகிறார். அது முடியுமளவும் எவ்வளவோ நெருக்கப்படுகிறேன் என்று லூக்கா 12ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். பவுலும் ரோமர் 6ஆம் அதிகாரத்தில் ஞானஸ்நானத்தை மரணத்தோடு இணைத்தே எழுதுகிறார். கிறிஸ்துவுக்குள் ஞானஸ்நானம் பெற்றவர்கள் அவருடைய மரணத்துக்குள் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவரோடு அடக்கம் பண்ணப்பட்டார்கள். அவர் எழுப்பப்பட்டதுபோல அவர்களும் புதிய ஜீவனில் நடக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். ஆகவே, ஞானஸ்நானத் தொட்டி குளிக்கும் இடமாக இருப்பதோடு கல்லறையாகவும் இருக்கிறது. பழைய மனிதன் அங்கே புதைக்கப்படுகிறான். கிறிஸ்துவுக்கு உரிய ஒருவன் அங்கிருந்து வெளியே வருகிறான். பாவமன்னிப்பு, பரிசுத்த ஆவியின் வரம், தேவனுடைய பிள்ளை என்ற உரிமை, சபையாகிய சரீரத்தில் ஓர் உறுப்பாக இணைக்கப்படுதல் ஆகிய எல்லாம் இந்த ஒரே நிகழ்விலிருந்து கிளைப்பவை. விசுவாசிக்கு ஞானஸ்நானம் என்றால் தன் வாழ்க்கை கிறிஸ்துவின் மரணத்தோடும் உயிர்த்தெழுதலோடும் பிணைக்கப்பட்டது என்பதே பொருள்.

இந்தப் பிணைப்பை யார் செய்கிறார் என்ற கேள்வியில்தான் நம் குமரி மாவட்டத்துச் சபைகள் பிரிகின்றன. கத்தோலிக்கர், லுத்தரன் சபையார், நாம் ஆகிய மூவரும், அழுத்தத்தில் வேறுபட்டாலும், தேவன் முதலில் செய்கிறார், மனிதன் பிறகு பதில் சொல்கிறான் என்கிறோம். பெந்தெகொஸ்தே, பிரதரன், பாப்டிஸ்ட் சபையார், தேவன் உள்ளத்தில் ஏற்கெனவே செய்துவிட்டதை மனிதன் தண்ணீரில் இறங்கி எல்லார் முன்பும் அறிக்கையிடுகிறான் என்கிறார்கள். இரட்சணிய சேனையார் 1883 முதல் தண்ணீர் ஞானஸ்நானம் கொடுப்பதே இல்லை. வெளி அடையாளம் இல்லாமலும் கிருபை செயல்படும் என்பது அவர்கள் நிலைப்பாடு. அவர்கள் நடத்தும் நாகர்கோவில் காதரின் பூத் மருத்துவமனையை அறிந்த யாரும் அவர்களைக் கிறிஸ்தவர்கள் அல்லர் என்று சொல்லத் துணிய மாட்டார்கள். ஒரே பேருந்தில் குளச்சலிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகிறவர்களில் இத்தனை விதமானவர்களும் இருக்கிறார்கள் என்பது நம் ஊரின் தனித்தன்மை. அதனாலேயே உங்களுடைய கேள்வி இங்கே வீட்டுக்கு வீடு எழுகிறது.

முழுக்கு ஞானஸ்நானத்தைப் பற்றி நம் சபையார் சிலர் இளப்பமாகப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. குழித்துறை ஆற்றில் ஒரு முழுக்கை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். இடுப்பளவு தண்ணீரில் நின்ற பாஸ்டர், வெள்ளை உடை உடுத்திருந்த ஒரு நடுவயதுப் பெண்ணிடம், இயேசுவை இரட்சகராக ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டார். அவர் "ஆம்" என்று சொன்ன குரல் கரையில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை என்பதால், பாஸ்டர் இன்னொரு முறை உரக்கச் சொல்லச் சொன்னார். பிறகு ஒரு கையால் அவருடைய கூப்பிய கைகளைப் பிடித்து, மறு கையைப் பிடரியில் கொடுத்து, பின்பக்கமாகச் சாய்த்து முழுவதும் அமிழ்த்தி எடுத்தார். மேலே வந்தபோது அந்த அம்மாள் மூச்சுக்குத் திணறினார். கரையில் நின்ற கணவர் துண்டோடு தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டார். அடக்கமும் உயிர்த்தெழுதலும் என்று பவுல் எழுதியதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. அடையாளம் என்ற அளவில் நம் சபையில் நெற்றியில் விடும் தண்ணீர் இதற்கு ஈடாகாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்ணீரின் அளவு ஞானஸ்நானத்தின் செல்லுபடியைத் தீர்மானிப்பதில்லை. அப்போஸ்தலர் காலத்தை ஒட்டிய மிகப் பழைய சபை ஒழுங்கு நூலாகிய திதகே, ஓடும் தண்ணீரில் கொடுங்கள் என்றும், அது இல்லையென்றால் வேறு தண்ணீரில் கொடுங்கள் என்றும், இரண்டும் போதிய அளவு இல்லையென்றால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தலையில் மூன்று முறை ஊற்றுங்கள் என்றும் சொல்கிறது. முழுக்கு சிறந்தது, ஊற்றுதலும் செல்லும் என்பதே ஆதிச் சபையின் மனநிலை.

குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பதுதான் கடினமான பகுதி. புதிய ஏற்பாட்டில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டதாக நேரடியான வசனம் இல்லை. லீதியாளும் அவள் வீட்டாரும், பிலிப்பி சிறைச்சாலைக்காரனும் அவனுடையவர்கள் அனைவரும், ஸ்தேவானின் வீட்டார் என்று குடும்பம் குடும்பமாக ஞானஸ்நானம் பெற்ற செய்திகள் இருக்கின்றன. அந்த வீடுகளில் குழந்தைகள் இருந்தார்கள் என்றோ இல்லை என்றோ லூக்காவும் பவுலும் சொல்லவில்லை. இதை வைத்து மட்டும் நம் பக்கத்தை நிறுவ முயல்கிறவர்கள் அவசரப்படுகிறார்கள். ஜெபவீட்டார் காட்டும் வரிசையும் உண்மையானதே: பிரசங்கம் கேட்டார்கள், விசுவாசித்தார்கள், ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனால் அந்த வரிசை முதல் தலைமுறையாக விசுவாசத்துக்கு வந்தவர்களுடைய வரிசை. விசுவாசிகளுக்குப் பிறந்த பிள்ளைகளை என்ன செய்வது என்ற கேள்வி அடுத்த தலைமுறையில்தான் எழும். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு, வாக்குத்தத்தம் உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் உண்டு என்கிறார். பவுல் கொலோசெயர் 2ஆம் அதிகாரத்தில் ஞானஸ்நானத்தை விருத்தசேதனத்தோடு சேர்த்துப் பேசுகிறார். தேவனுடைய ஜனம் என்பதற்கு யூதர்களின் அடையாளச் சடங்காகிய விருத்தசேதனமோ எட்டாம் நாள் ஆண் குழந்தைக்குச் செய்யப்பட்டது. ஏறத்தாழ கி.பி. 200இல் தெர்த்துல்லியன் என்ற சபை எழுத்தாளர், சிறு பிள்ளைகளுக்கு அவசரப்பட்டு ஞானஸ்நானம் கொடுக்காதீர்கள் என்று எழுதினார். அவர் அதை எதிர்த்தார் என்பது எவ்வளவு உண்மையோ, எதிர்க்கும் அளவுக்கு அந்த வழக்கம் அப்போதே இருந்தது என்பதும் அவ்வளவு உண்மை.

விசுவாச ஞானஸ்நானத்தை வலியுறுத்தினவர்கள் அதற்காகக் கொடுத்த விலையையும் நாம் மறக்கக் கூடாது. 1525இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் சிலர், குழந்தையில் பெற்றது போதாது என்று பெரியவர்களாக ஞானஸ்நானம் பெற்றார்கள். அவர்களில் ஒருவரான பேலிக்ஸ் மான்ட்ஸ் 1527 ஜனவரியில் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார். அந்தத் தண்டனையை விதித்தது சீர்திருத்தச் சபையைத் தழுவியிருந்த அதே நகரத்தின் மன்றம். பிறந்த ஊராலோ அரசின் கட்டளையாலோ ஒருவன் கிறிஸ்தவன் ஆகிவிட முடியாது என்பதற்காக அவர்கள் உயிரைக் கொடுத்தார்கள். அந்தச் சாட்சி நம் சபைக்குத் தேவை. நம்மிடையே எத்தனை வீடுகளில் ஞானஸ்நானம் என்பது பந்தலும் பிரியாணியும் புகைப்படமுமாக முடிந்து, பிள்ளைக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்போம் என்று பெற்றோரும் ஞானப்பெற்றோரும் ஆலயத்தில் கொடுத்த வாக்கு அன்றைக்கே மறக்கப்படுகிறது! ஜெபவீட்டார் நம்மைக் குறை சொல்வதில் பாதிக்கு நம்முடைய இந்த அலட்சியமே காரணம்.

இருந்தாலும் குழந்தை ஞானஸ்நானத்தை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். நம் பக்கத்தில் தாத்தா பேரன் பெயரில் ஒரு ரப்பர் தோட்டத்தை எழுதிவைப்பது உண்டு. பத்திரம் பதிவாகும் நாளில் பேரனுக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது. ஆனாலும் சொத்து அன்றே அவனுடையது. வளர்ந்த பிறகு அவன் தோட்டத்தில் கால் வைக்காமல் இருந்தால் காடு மண்டிவிடும், அவனுக்கு ஒரு பயனும் இராது. அப்போதும் அவன் செய்ய வேண்டியது தோட்டத்துக்குள் இறங்குவதே. இன்னொரு முறை பத்திரம் பதிவு செய்வது அன்று. உங்கள் ஞானஸ்நானமும் அப்படித்தான். நீங்கள் தேடும் முன்பே தேவன் உங்களைத் தம்முடையவன் என்றார். அந்தச் சொல்லுக்கு உங்களுடைய பதில் விசுவாசம். பதில் தாமதமாக வந்ததால் முதலில் சொன்ன சொல் பொய்யாகிவிடாது.

ஜெபவீட்டில் உங்களுக்கு அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தைக் காட்டியிருப்பார்கள். எபேசுவில் இருந்த சில சீஷர்களுக்குப் பவுல் மறுபடியும் ஞானஸ்நானம் கொடுத்தாரே என்பது அவர்களுடைய வலுவான வாதம். அந்தப் பகுதியை முழுவதும் வாசியுங்கள். அவர்கள் பெற்றிருந்தது யோவானுடைய ஞானஸ்நானம். பரிசுத்த ஆவி உண்டென்பதையே அவர்கள் கேள்விப்படவில்லை. இயேசுவின் நாமத்தில் அவர்கள் ஞானஸ்நானம் பெற்றது அதுவே முதல் முறை. உங்களுக்கோ பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீரால் கொடுக்கப்பட்டது. இரண்டையும் ஒன்றாக வைக்க முடியாது.

ஒரே முறைதான் என்பதில் திருச்சபை காட்டிவந்த உறுதி தற்செயலானது அன்று. ஒரே கர்த்தர், ஒரே விசுவாசம், ஒரே ஞானஸ்நானம் என்று எபேசியருக்கு எழுதியதையே சபைகளின் பழைய பொது அறிக்கையாகிய நிசேயா விசுவாசப் பிரமாணமும் அறிக்கையிடுகிறது. வட ஆப்பிரிக்காவில் தொனாத்து சபையார், துன்புறுத்தலின்போது விசுவாசத்தைக் காட்டிக்கொடுத்த குருக்களின் வழியாக வந்த ஞானஸ்நானம் செல்லாது என்று மறுபடியும் கொடுத்தபோது, அங்கே ஆயராக இருந்த அகுஸ்தீன் அதைக் கடுமையாக எதிர்த்தார். ஞானஸ்நானம் கிறிஸ்துவுடையது, கொடுக்கிறவருடைய பரிசுத்தத்தை அது நம்பி நிற்கவில்லை என்றார். கொடுத்தவருடைய தகுதி போதாது என்று ஒரு முறை தொடங்கிவிட்டால், பெற்றவருடைய விசுவாசம் போதாது என்பதும் பின்னாலேயே வரும். இருபது வயதில் முழுக்கு எடுத்தவர் முப்பது வயதில், அன்றைக்கு எனக்கு உண்மையான மனந்திரும்புதல் இல்லை என்று உணர்ந்தால் மூன்றாவது முறை எடுப்பாரா? நம் ஊரிலேயே சபைக்குச் சபை மாறி அப்படி எடுத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு நிச்சயம் கூடவில்லை, ஐயம்தான் கூடியது. மார்ட்டின் லுத்தர் மனம் கலங்கிய வேளைகளில், "நான் ஞானஸ்நானம் பெற்றவன்" என்று சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டார். அவர் பெற்றதும் குழந்தையாக இருந்தபோதுதான். உலகச் சபைகள் மன்றத்தின் ஆணைக்குழு 1982இல் லீமா நகரில் ஏற்ற அறிக்கையும் ஞானஸ்நானம் மீண்டும் செய்யத்தகாத செயல் என்றே சொல்கிறது. கத்தோலிக்கரும் நம் சிஎஸ்ஐ ஞானஸ்நானத்தை ஏற்கிறார்கள். இரு சபைக்காரர் திருமணம் செய்யும்போது சான்றிதழ் கேட்பார்களே ஒழிய, மறுபடியும் தண்ணீர் ஊற்றுவதில்லை.

எப்போது, எவ்வளவு தண்ணீரில் என்று வாதாடும் நாம், ஞானஸ்நானம் எதற்குள் நம்மைச் சேர்க்கிறது என்பதைப் பேசுவதே இல்லை. கிறிஸ்துவுக்குள் ஞானஸ்நானம் பெற்றவர்கள் கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டார்கள், அவர்களுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை என்று கலாத்தியர் 3ஆம் அதிகாரம் சொல்கிறது. இந்த மண்ணில் அந்த வசனத்துக்கு விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

1544இல் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரை ஊர்களில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கும் மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாகத் தம் கடிதத்தில் எழுதுகிறார். ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாக நடந்தது அது. விரிவான போதனை பெரும்பாலும் பிறகே வந்தது. இன்று அதைக் குறை சொல்வது எளிது. ஆனால் அந்தக் கரையில் அந்த விசுவாசம் இத்தனை தலைமுறையாக நிலைத்திருக்கிறது. இருநூறு ஆண்டுகள் கழித்து நட்டாலத்து நீலகண்டன் வந்தது நேர்மாறான வழியில். அரண்மனைப் பணியில் இருந்தவர், குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி தெலனாயிடமிருந்து கேட்டு, சிந்தித்து, திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே இருந்த வடக்கன்குளத்துக்குப் போய், 1745 மே 14 அன்று தேவசகாயம் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். அதன் பிறகு சாதி பாராமல் எல்லாரோடும் கலந்து பழகினார். குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். ரோமர் 6இல் பவுல் சொன்னதை அவர் ஏழு ஆண்டுகள் வாழ்ந்து காட்டினார். 2022 மே 15 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டம் விடப்பட்டது. அதே வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயத்திலோ சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்து நிறுத்தும் தடுப்பு இருந்தது. 1910இல்தான் அது அகற்றப்பட்டது. ஒரே தொட்டியில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் திருமணப் பேச்சு வரும்போதும் சபைத் தேர்தல் வரும்போதும் சாதியைத் தேடுகிறார்களே, அதுதான் ஞானஸ்நானத்தை உண்மையாகவே செல்லாததாக்குவதற்கு மிக அருகில் வருகிற பாவம் என்று நான் கருதுகிறேன். இது நம் சபைக்கும் பொருந்தும், நீங்கள் போகிற ஜெபவீட்டுக்கும் பொருந்தும்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்கத் தேவையில்லை என்பது என் பதில். ஆனால் உங்களுக்குள் எழுந்திருக்கும் தாகத்தை அடக்கிவிடவும் சொல்ல மாட்டேன். உங்கள் ஞானஸ்நானம் உங்களிடம் எதிர்பார்த்திருந்த பதில் அதுவே. நீங்கள் பிறந்து வளர்ந்த சபைக்குப் போய், ஞானஸ்நானப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தைப் பார்த்து, அந்தத் தேதியைக் குறித்துவாருங்கள். திடப்படுத்தல் பெறவில்லை என்றால் அதற்கு ஆயத்தப்படுங்கள். பெற்றிருந்தால், சபையின் முன் நின்று உங்கள் விசுவாசத்தைச் சொந்த வார்த்தையில் அறிக்கையிட ஓர் ஆராதனையில் இடம் கேளுங்கள். எந்த நல்ல போதகரும் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். கத்தோலிக்கர் ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டருக்கு முந்திய பாஸ்கா இரவில், கையில் எரியும் மெழுகுதிரியோடு நின்று ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறார்கள். அது நாமும் கற்றுக்கொள்ள வேண்டிய வழக்கம்.

ஜெபவீட்டு ஐக்கியத்தை விட்டுவிடுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. அங்கே உங்களுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், அது பெரிய காரியம். 1970இல் அமைந்த வட இந்தியத் திருச்சபையில், குழந்தை ஞானஸ்நானம் கொடுப்பவர்களும் விசுவாச ஞானஸ்நானம் மட்டும் கொடுப்பவர்களும் ஒரே சபையாக இணைந்து இருக்கிறார்கள். ஆகவே இந்த வேறுபாட்டோடு சேர்ந்து வாழ முடியும் என்பது கற்பனை அன்று. ஆனால் எடுத்தால்தான் பரலோகம் என்றோ, எடுத்தால்தான் ஐக்கியம் என்றோ யாராவது உங்களை நெருக்கினால், அந்த நெருக்கடிக்குப் பணிந்து தண்ணீரில் இறங்காதீர்கள். சிலுவையில் இயேசுவுக்கு அருகே தொங்கிய கள்வனுக்கு ஞானஸ்நானம் பெற நேரமே இருக்கவில்லை; ஆனாலும் இயேசு அவனுக்குப் பரதீசை வாக்களித்தார்.

இவ்வளவும் யோசித்து, ஜெபித்து, அதற்குப் பிறகும் உங்கள் மனச்சாட்சி முழுக்கு ஞானஸ்நானத்தையே கேட்குமானால், அது உங்களுக்கும் கர்த்தருக்கும் இடையிலான காரியம். அதற்காக உங்களைக் குறைவாக நினைக்க மாட்டேன். அப்படி முடிவெடுத்தால் அம்மாவுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். அன்றைக்குக் கொடுத்தது வீண் என்று நீங்கள் சொல்வதாகத்தான் அவர்கள் காதில் விழுந்திருக்கும். உங்களைக் கையில் ஏந்திப் பீடத்தின் முன் நின்று வாக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். எதையும் தீர்மானிக்கும் முன் ஒரு நாள் அவர்களோடு உட்கார்ந்து, அந்த நாளில் என்ன நடந்தது, எனக்காக என்ன ஜெபித்தீர்கள் என்று கேளுங்கள்.